பஞ்சுவின் குட்டிகள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, வெயிலு" என்று சொல்லி வைத்துவிட்டாய்.

நேற்று கடுகுக்கு மூன்றாவது முறையாக வலிப்பு வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஓடிவந்து என் கையை நக்கியது. பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் குறடும் ஊசியும் கழுவுகிற கை. அந்த மருந்து நெடி எப்படித்தான் அதற்குப் பிடிக்கிறதோ. நக்கிக்கொண்டே இருந்தது திடீரென்று நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. நான்கு காலும் எங்கேயோ ஓடுவதுபோல் அடித்துக்கொண்டன. வாயெல்லாம் நுரை. இரண்டு நிமிஷம்தான், கடிகாரத்தைப் பார்த்தேன். எழுந்த பிறகு என்னை யாரோ போலப் பார்த்தது. அறை அறையாக நடந்து நாற்காலியில் முட்டிக்கொண்டது. நான் யார் என்று அதற்கு ஞாபகம் வர அரை மணி நேரம் ஆயிற்று.

நாய் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கிறதாம். "இப்படி வர்றது பெரும்பாலும் பரம்பரைதாம்மா. தாய், தகப்பன், கூடப் பிறந்ததுங்க, யாருக்காவது இருக்கான்னு குட்டி கொடுத்தவர்கிட்ட விசாரிச்சு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். மாத்திரை ஆரம்பித்துவிட்டோம். காலை ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று. ஆயுசு முழுக்க.

அதனால் கேட்கிறேன். தாய் பஞ்சுவுக்கு எப்போதாவது இந்த மாதிரி வந்திருக்கிறதா? தகப்பன் நாய்க்கு? மற்றக் குட்டிகளுக்கு? எனக்காக ஒரு தாளில் எழுதி அனுப்பு. கீழ்வீட்டு பஸ் டிரைவரும் என் பேச்சை நம்பித்தான் உன்னிடம் வந்து பஞ்சுவின் இன்னொரு குட்டியான கரடியை வாங்கிக்கொண்டு போனார். அவர் மகள் அதைத் தரையில் விடுவதில்லை, மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

உன் அத்தான் போய் இரண்டு மாதத்தில் நீ கடுகைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். "வீட்டுல ஒரு மூச்சுச் சத்தம் கேக்கட்டும்க்கா" என்றாய். அந்த மூச்சைத்தான் இப்போது உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

---

மார்ச் 12

அக்கா,

உன் கடிதம் வந்தது. எவ்வளவு பயந்துபோயிருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. தாளின் பின்பக்கம் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது.

டாக்டர்களுக்குப் பரம்பரை என்று ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. நம் அப்பாவுக்கு எழுபது வயதுவரை தலை நிறைய முடி. என் தலையை வந்து பார், எந்தப் பரம்பரை இது? நீ தரை துடைக்கிற மருந்தை முதலில் மாற்று. ஆஸ்பத்திரி நெடியைக் கையிலேயே கொண்டுவருகிறாய், அதுவும் அதை நக்குகிறது. வேறென்ன காரணம் வேண்டும்? இன்னொன்று, நீ அதற்கு ஊட்டி ஊட்டித் தலையணை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறாய்.

பஞ்சு குத்துக்கல் மாதிரி இருக்கிறாள். தகப்பன் நாய் அச்சகக்காரர் வீட்டில் ராஜா மாதிரி திரிகிறது. ஒரு குறையும் இல்லை. டாக்டரிடம் அப்படியே சொல்.

ஒரு சந்தோஷச் செய்தி. பஞ்சுவை மறுபடி சேர்த்தாயிற்று. நாலாவது ஈற்று. இன்னும் வயிறே தெரியவில்லை, அதற்குள் ஏழு பேர் சொல்லி வைத்துவிட்டார்கள். ஒருவர் வங்கி மேலாளராம், வாசலில் செருப்பை விட்டுவிட்டுக் கைகட்டி நிற்கிறார். லிஃப்ட் வேலையில் குழிக்குள் விழுந்து முழங்கால் போன பிறகு என்னைத் தேடி யார் வந்தார்கள் சொல்? வீட்டுக்காரி பை தைக்கிற கம்பெனிக்குப் போய்விடுவாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். இப்போது தெருமுனையில் கார் நிறுத்தி "நாய்க்காரர் வீடு எது?" என்று கேட்கிறார்கள். காது கேட்கிற தூரத்தில் யாராவது அப்படிக் கேட்டால் எனக்குக் கொஞ்ச நேரம் காலே வலிப்பதில்லை.

பஞ்சுவுக்கு ஒரு தடவை, வருஷம் இரண்டு இருக்கும், மேஜைக்கடியில்... சரி விடு. சாப்பிடும்போது புரையேறியது. அதையெல்லாம் எழுதினால் நீ அதற்கும் ஒரு டாக்டரைப் பிடிப்பாய்.

கடுகைக் கொஞ்சியதாகச் சொல்.

தம்பி

---

மார்ச் 29

தம்பி,

கரடி செத்துவிட்டது. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு முற்பகல். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே அந்தக் குழந்தை கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஓடினேன். கரடி சமையலறைத் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. வலிப்பு வந்தால் நாக்கு தொண்டைக்குள் போய்விடும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நாக்கைப் பிடித்து வைக்கலாம் என்று வாய்க்குள் கைவிட்டிருக்கிறாள். எட்டு வயது, தம்பி. இரண்டு விரல். ஒன்றில் நரம்பு அறுந்துவிட்டது. தைத்திருக்கிறார்கள். பென்சில் பிடிக்க முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அவள் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "இனி இது இந்த வீட்டுல இருக்கக் கூடாது." அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த நோயோடு, ஒரு குழந்தையைக் கடித்த நாயை வேறு யார் எடுத்துக்கொள்வார்கள்? டாக்டரிடம் டிரைவரும் நானும் கொண்டுபோனோம். வாசல்வரை தூக்கிவந்தவருக்கு உள்ளே வர முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே போனேன். கரடிக்கு ஒன்றும் தெரியாது. வெளியே கூட்டிவந்த சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. ஊசி இறங்கும்போதும் ஆட்டியது.

திரும்பி வரும்போது டிரைவர் சொன்னார். "உங்க தம்பிகிட்ட ஜனவரியிலயே சொன்னேங்க. ரெண்டு தடவை இழுத்துச்சுன்னேன். குட்டியில இது சகஜம், வளந்தா சரியாயிடும், அக்காகிட்ட சொல்லிடாதீங்க, பாவம் பயந்துடும்னாரு." அவர் குரலில் கோபம்கூட இல்லை. நீ என் தம்பி என்பதால் நம்பியிருக்கிறார்.

ஜனவரி! நான் மார்ச்சில் எழுதிக் கேட்கிறேன். நீ என் தரை மருந்தைக் குறை சொல்கிறாய்.

இருபது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நீ. ஒரு கம்பியில் ஒரு இழை விட்டிருந்தால்கூட 'ஏறாதீர்கள்' என்று பலகை மாட்டாமல் கீழே இறங்க மாட்டாய். பத்தாவது மாடிக்காரர் கத்துவார், முதலாளி கத்துவார், நீ அசைய மாட்டாய். அதைத்தான் நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஆள் எங்கே போனான்?

டாக்டரிடம் பஞ்சுவைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இப்போதே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், அதுதான் பஞ்சுவுக்கும் நல்லது என்றார். ஏழு வயதில் நாலாவது பிரசவம் தாங்காது என்றார். செய்துவிடு. குட்டி வாங்கிய எல்லோரிடமும் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா

---

ஏப்ரல் 2

அக்கா,

அந்தக் குழந்தைக்காக வருத்தப்படாமல் நான் ஒன்றும் கல் இல்லை. ஆனால் நாய் வாய்க்குள் கைவிடச் சொன்னது நானா?

நேற்று ஸ்கேன் பார்த்தோம். குட்டிகளுக்கு இதயம் துடிக்கிறது, திரையில் பார்த்தேன். குறைந்தது ஐந்து. அதையெல்லாம் வெட்டி எடுத்து எறியச் சொல்கிறாய். ஏழு பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க நாய் கெட்டுப்போன நாய்"னு சொல்லவா? நாளைக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இருந்தால்?

அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊன்றுகோலோடு மூன்று பஸ் மாறி வந்தவன் நான். அதெல்லாம் உனக்கு மறந்துபோகும். பஸ் டிரைவர் சொன்னால் வேதம்.

உனக்குக் கடுகைக் கொடுத்ததுதான் நான் செய்த தப்பு. வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடு.

தம்பி

---

ஏப்ரல் 10

கடுகை அனுப்ப மாட்டேன். மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்க உனக்குப் பொறுமை இருக்காது.

இனி எழுதாதே. போனும் பண்ணாதே.

அக்கா

---

மே 8

அக்கா,

எழுதாதே என்றாய். கிழித்துப் போட்டாலும் போடு, எழுதாமல் இருக்க முடியவில்லை. பஞ்சு போய்விட்டாள்.

மூன்றாம் தேதி காலை ஆறு மணிக்கே மூச்சிரைக்க ஆரம்பித்துவிட்டாள். பெட்டிக்குள் விரித்திருந்த செய்தித்தாளைப் பிராண்டிக் கிழித்தாள். நான் தாங்கி வைத்த கையை நக்கினாள். முக்கினாள், முக்கினாள், ஒன்றும் வரவில்லை. எட்டரை மணி இருக்கும், பச்சையாக ஏதோ வடிந்தது. குட்டி வரும் முன்னால் அது வரக் கூடாது. எனக்குத் தெரியும் அக்கா. நன்றாகத் தெரியும்.

வீட்டுக்காரி சொன்னாள், "பச்சையா போகுதுங்க. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போயிடலாம்." நான், "மூணு ஈத்து பாத்தவன்டி. எனக்குத் தெரியாததா? நீ போய் வெந்நீர் வை" என்றேன். ஒன்பதரைக்கு மறுபடி சொன்னாள். பதினொரு மணிக்கு அழுதுகொண்டே சொன்னாள். நான் நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரிடம் போனால் எத்தனையாவது பிரசவம், என்ன வயது, முன்னே ஏதாவது வியாதி உண்டா என்று கேட்பார். அதுதான் எனக்குப் பயம். பன்னிரண்டு மணிக்குப் பஞ்சு முக்குவதை நிறுத்திவிட்டாள். பக்கமாய்ப் படுத்து வெறுமனே என்னைப் பார்த்தாள்.

ஒரு மணிக்கு வண்டி பிடித்துப் போனோம். டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "காலையிலேயே ஏன் வரல?" என்றார்கள். வயிற்றைத் திறந்து ஆறு குட்டி எடுத்தார்கள். மூன்று ஏற்கெனவே போயிருந்தன. மற்ற மூன்றை நர்ஸ் துண்டில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அழ வைத்தார்கள். அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டதும் நான் முட்டாள்தனமாய்ச் சந்தோஷப்பட்டேன். உள்ளே பஞ்சு கண் விழிக்கவேயில்லை.

மூன்றில் ஒன்று நேற்று போய்விட்டது. இரண்டு இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துளித் துளியாய்ப் பால் விடுகிறோம். அவள் கம்பெனிக்கு லீவு போட்டிருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. "புட்டி எங்கே", "துணி எங்கே", அவ்வளவுதான்.

இனி மறைக்க என்ன இருக்கிறது. மேஜைக்கடியில் பஞ்சுவுக்குப் புரையேறவில்லை. வலிப்புதான். இரண்டாவது ஈற்றுக்கு முன்னால், ஒரு மத்தியானம். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் நுரையைத் துடைத்தேன், தரையைத் துடைத்தேன், நடக்காததுபோல் இருந்துவிட்டேன். ஒருநாள் போனில் தேடிக்கூடப் படித்தேன். இப்படிப்பட்ட நாயிடம் குட்டி எடுக்கக் கூடாது என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. மூடிவிட்டேன். அடுத்த நாள் ஒரு அம்மா பெரிய காரில் வந்தார்கள், "உங்க நாய் மாதிரி ஒண்ணு கிடைக்குமா சார்?" என்றார்கள். சார் என்றார்கள், அக்கா.

நீ சொன்னபோது அறுவை செய்திருந்தால் பஞ்சு இப்போது வாசலில் படுத்திருப்பாள்.

தம்பி

---

மே 15

தம்பி,

கிழித்துப் போடவில்லை. வேலையில் இடைவேளையின்போது கருவி அறையில் நின்றபடி படித்தேன். உடன் வேலை செய்கிறவள் என்ன ஆயிற்று என்று கேட்டாள். வீட்டில் ஒரு சாவு என்றேன். 

பஞ்சு உன் வீட்டுக்கு வந்த புதிதில் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை இழுபட்டுக்கொண்டே வருவாள். அது நினைவில் வந்துகொண்டே இருக்கிறது. உன்னைத் திட்டத்தான் தாளை எடுத்தேன். நீயே உன்னைத் திட்டி முடித்துவிட்டாய், எனக்கு மிச்சம் வைக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொன்னால் அதுவும் இப்போது வராது. கீழே இறங்கினால் அந்தக் குழந்தை கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தால் முன்பு போலவே சிரிக்கிறாள். எனக்குத்தான் முடியவில்லை.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போது மல்லாக்கப் போடாதே, நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற வைத்துத் தலையை லேசாகத் தூக்கிக் கொடு. பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வாலுக்கடியில் மெல்லத் தடவு. தாய் நக்கிவிடுவதுபோல. இல்லாவிட்டால் அவற்றுக்கு மூத்திரம் போகத் தெரியாது. பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வெந்நீர்ப் புட்டி வை, சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். எங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டையும் யாருக்கும் கொடுக்காதே. வங்கி மேலாளர் தரையில் விழுந்து கும்பிட்டாலும் கொடுக்காதே. வயது வந்ததும் இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடு. அச்சகக்காரரிடமும் சொல்லிவிடு, அவர் நாயை வேறு எங்கும் சேர்க்காமல் இருக்கட்டும்.

மற்ற மூன்று ஈற்றிலும் சேர்த்துப் பதினான்கு குட்டி. கடுகையும் கரடியையும் கழித்தால் பன்னிரண்டு வீடு. நீதான் போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொல்லாதே, போனில் உனக்குச் சிரிப்பு வந்துவிடும். கீழ்வீட்டுக்கும் ஒருநாள் நீ வந்தாக வேண்டும். உனக்காக நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

கடுகுக்கு முன்பு மாதம் ஒருமுறை வந்தது இப்போது வாரம் ஒருமுறை வருகிறது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். பின்னங்கால் தள்ளாடுகிறது. படிக்கட்டு இறங்கும்போது தூக்கிக்கொள்கிறேன்.

அக்கா

---

ஜூன் 24

அக்கா,

போய்விட்டு வந்தேன். ஒரு மாதம் ஆயிற்று. என் கால் ஒருநாளைக்கு ஒரு வீட்டுக்கு மேல் தாங்கவில்லை.

முதல் வீட்டில் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். குட்டியைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்கார வைத்தார். நாய் வந்து என் முழங்காலில் தலை வைத்தது. அதற்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் அவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் ஏதோ தொட்டு ஒட்ட வைத்துவிடுவேன் என்பதுபோல. "இதை ஏன் சார் இப்ப வந்து சொல்றீங்க?" என்றார். 

இரண்டு வீட்டில் ஏற்கெனவே வந்திருக்கிறது. ஒரு வீட்டில் பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்து வாசலிலேயே கட்டிப் போட்டிருக்கிறார்கள், யாரும் கிட்டே போவதில்லை. நான் உட்கார்ந்து, இது நோய், மாத்திரை உண்டு என்று சொல்லி, அவர்களைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஒரு அம்மா கதவைச் சாத்திவிட்டார்கள். இரண்டு குடும்பம் வீடு மாறிப் போய்விட்டது, எங்கே என்று தெரியவில்லை.

இதுவரை எழுதியதெல்லாம் பெரிதில்லை. தையல் மெஷின் பழுது பார்க்கிறவர் ஒருவர், முதல் ஈற்றில் பெண்குட்டி வாங்கியவர், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "உங்களைப் பாத்துத்தாண்ணே நானும் ஆரம்பிச்சேன்." போன வருஷம் அவருடைய நாய் எட்டுக் குட்டி போட்டிருக்கிறது. எட்டையும் கொடுத்துவிட்டார். யார் யாருக்கு என்று அவருக்கே சரியாக நினைவில்லை. ஒருவர் ரயிலில் கொண்டுபோனாராம். எந்த ஊர் என்று கேட்டேன், தலையைச் சொறிந்தார்.  ஓடுகிற லிஃப்டை நிறுத்தத் தெரியும் எனக்கு. இதை எங்கே போய் நிறுத்துவது? அவருடைய நாய்க்கு அறுவை செய்ய ஒப்புக்கொண்டார். அது மட்டும்தான் முடிந்தது.

நேற்று முன்தினம் உன் தெருவுக்கு வந்தேன்.

டிரைவர் வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து வந்தேன். அவர் என்னை உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்றும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எனக்கு முன்னமே தெரியும், தெரிந்தேதான் கொடுத்தேன், தெரிந்தேதான் ஜனவரியில் பொய் சொன்னேன் என்றேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றுவிட்டு, திரும்ப உள்ளே போய்விட்டார். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது.

குழந்தைதான் வெளியே வந்தாள். கட்டு பிரித்துவிட்டார்கள். நடுவிரல் மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகுகிறாளாம். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள். "மாமா, கரடி என்னைக் கடிக்கல. அதுக்கு அப்ப நான்னு தெரியல. அம்மாகிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

அவள் அம்மாவிடம் சொன்னேன். நிஜம்தான் என்று சொன்னேன். 

அங்கிருந்து உன் ஜன்னல் தெரிந்தது. திரை விலகியிருந்தது. படிக்கட்டுவரை வந்தேன். முழங்கால் வலிக்கிறது, இன்னொரு நாள் ஏறலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

தம்பி

---

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

அன்று நீ படிக்கட்டடியில் நின்றதை மேலிருந்து பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தேன். மடியில் கடுகு படுத்திருந்தது, எழுந்தால் விழித்துவிடும் என்று இருந்துவிட்டேன். எனக்கும் ஒரு சாக்கு கிடைத்தது என்று வைத்துக்கொள்.

கடுகு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

காலையில் மாத்திரை கொடுத்து அரை மணி ஆகவில்லை, ஒன்று வந்தது. அது முடிந்து எழுந்து நிற்பதற்குள் இன்னொன்று. பத்து மணிக்குள் ஐந்து. டாக்டர் கொடுத்து வைத்திருந்த மருந்தையும் ஏற்றிப் பார்த்தேன். நடுவில் ஒரு தடவை மட்டும் கண் தெளிந்தது, என் கையை நக்கப் பார்த்தது, நாக்கு சரியாக வரவில்லை. டிரைவர்தான் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றினார். அவரை நான் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு அவராகவே மேலே வந்தார். இந்தத் தடவை அவரும் உள்ளே வந்தார், வெளியே பெஞ்சில் உட்காரவில்லை. மருந்து போட்டும் நிற்கவில்லை, இனி நிறுத்தினாலும் மூளை திரும்பாது, ஊசி போட்டு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் கேட்டார். நான் சரி என்றேன். 'சரி' என்பது எவ்வளவு சின்ன வார்த்தையாக இருக்கிறது.

மூன்று வயதுகூட முடியவில்லை.

வீட்டில் இப்போது சத்தமே இல்லை. ஆறு மணியானால் கை தானாக மாத்திரை டப்பாவுக்குப் போகிறது.

எனக்கு இன்னொரு நாய் வேண்டாம். நீ அப்படி நினைக்கக்கூட வேண்டாம். ஆனால் உன் மனைவி நேற்று போன் பண்ணினாள். குட்டிகள் இரண்டும் நன்றாகப் பால் குடித்து, கண் திறந்து, வீடெல்லாம் ஓடுகின்றனவாம். "அண்ணி, அவரு ராத்திரி பகலா அதுங்க பக்கத்துலயே உக்காந்திருக்காரு. தூங்கும்போது கால் லேசா உதறினாக்கூடப் பதறிப்போறாரு" என்றாள். இரண்டு மாதமாகியும் நீ இன்னும் அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை என்றும் சொன்னாள். 'அது', 'இன்னொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறாயாம்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

அவற்றுக்கு வரலாம், வராமலும் போகலாம். ஒரு வருஷத்தில் வரலாம், நான்கு வருஷம் கழித்தும் வரலாம். தெரியாது. அதனால் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். இதை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வை, உன் மனைவிக்கும் தெரியட்டும்.

முதலில் நேரம் பார். எவ்வளவு பயந்தாலும் கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் காத்திராதே, உடனே தூக்கிக்கொண்டு போ. பக்கத்தில் இருக்கிற நாற்காலி, ஸ்டூல் எல்லாவற்றையும் நகர்த்து. தலைக்கடியில் துணி வை. வாய்க்குள் கை விடாதே. நாக்கு எங்கும் போகாது. அமுக்கிப் பிடிக்காதே. விளக்கை அணைத்துவிடு, டிவியை நிறுத்திவிடு. முடிந்த பிறகு அதற்கு உன்னை அடையாளம் தெரியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. மேலே விழுந்து கொஞ்சாதே. படிக்கட்டுப் பக்கம் போகாமல் மட்டும் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்.

உட்கார்ந்து, மெதுவான குரலில் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இரு. அதற்குக் கேட்கிறதா என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடைசிவரை சொன்னேன். 

அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், தம்பி. இன்றைக்கே வைத்துவிடு.

அக்கா